எஃகின் பயணம் – 14: சிவந்த பிறகும் வெட்டிய கருவி

சென்ற இதழில் ஜோசையா மார்ஷல் ஹீத்தின் கதையைப் பார்த்தோம். பரங்கிப்பேட்டையில் சேலத்துத் தாதுவை உருக்கி ஆலை நடத்திய அந்த ஆங்கிலேயர், 1839இல் ஷெஃபீல்டு நகரத்தில் எஃகு உருக்கும் மூசைகளுக்குள் மாங்கனீசைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். விலை உயர்ந்த சுவீடன் இரும்பை நம்பாமல் உள்ளூர் இரும்பிலிருந்தே நல்ல எஃகு எடுக்க அது வழிசெய்தது. ஊரே பயனடைந்தது, காப்புரிமை மட்டும் அவர் கையில் நிற்கவில்லை. வழக்கு நடந்துகொண்டிருக்கும்போதே 1851இல் ஹீத் இறந்தார். 1855இல் பிரபுக்கள் சபையும் அவருக்கு எதிராகவே தீர்ப்புச் சொன்னது.

ஆனால் அவர் கற்றுக்கொடுத்த பாடம் நிலைத்தது. இரும்பும் கரிமமும் மட்டுமே எஃகு என்று இருந்த இடத்தில், மூன்றாவதாக ஒரு பொருளையும் மூசைக்குள் போட்டுப் பார்க்கும் துணிவு பிறந்தது. அந்தத் துணிவு அடுத்த 60 ஆண்டுகளில் உலகத்தின் எல்லாப் பட்டறைகளையும் மாற்றியது. அந்த மாற்றம்தான் இந்த இதழின் கதை.

வேகத்துக்குப் போட்ட பூட்டு

1860களில் ஓர் இயந்திரப் பட்டறைக்குள் நுழைந்து பார்ப்போம். நீராவி இயந்திரம் முழு வலிமையோடு சுழல்கிறது. கூரையை ஒட்டி ஓடும் நீண்ட தண்டிலிருந்து தோல் பட்டைகள் ஒவ்வொரு லேத்துக்கும் விசையைக் கொண்டுவருகின்றன. விசைக்குப் பஞ்சமே இல்லை. ஆனாலும் லேத்தில் மாட்டிய இரும்புத் தண்டு ஆமை வேகத்தில்தான் சுற்றுகிறது. நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 அடி, அதாவது சுமார் 5 மீட்டர் நீளத்துக்குத்தான் கருவி வெட்டிச் செல்கிறது. ஒரு கப்பலின் சுழல்தண்டைக் கடைந்து முடிக்க நாள்கணக்கில் ஆகிறது.

ஏன் இன்னும் வேகமாகச் சுற்றக்கூடாது? சுற்றினால் கருவியின் முனை மழுங்கிப்போகும். அந்தக் காலத்துக் கருவி எஃகில் சுமார் 1 சதவீதம் கரிமம் இருக்கும், வேறு எதுவும் குறிப்பிடும்படி இராது. கொல்லர் அதைச் செக்கச் செவேலெனக் காய்ச்சி நீரில் தோய்ப்பார். காய்ச்சும்போது கரிமம் இரும்புக்குள் கரைகிறது. மெல்ல ஆறவிட்டால் அது வெளியேறித் தனியே ஒதுங்கிவிடும். நீரில் சட்டென்று குளிரும்போது வெளியேற நேரமில்லாமல் இரும்பின் அணுக்களிடையே சிக்கிக்கொள்கிறது. அந்த இறுக்கத்திலிருந்தே கடினம் வருகிறது. அப்படியே விட்டால் கண்ணாடியைப் போல நொறுங்கும் என்பதால், மீண்டும் இலேசாகச் சூடேற்றிப் பதம் இறக்குவார்கள். மெருகிட்ட பரப்பில் படரும் வைக்கோல் நிறம், பழுப்பு, ஊதா, நீலம் என்ற நிறங்களே அந்தக் காலத்து வெப்பமானி. லேத் கருவிக்கு வைக்கோல் நிறம் போதும். அது சுமார் 230 டிகிரி செல்சியஸ்.

சிக்கல் அந்த எண்ணில்தான் இருக்கிறது. இரும்பை வெட்டும்போது எழும் வெப்பத்தில் ஒரு பங்கு முனையில் வந்து குவிகிறது. 250 டிகிரியைத் தாண்டியதும் சிக்கியிருந்த கரிமம் வெளியேறத் தொடங்குகிறது, கடினம் கரைகிறது. முந்தைய நாள் கொல்லர் ஏற்றிய பதத்தை லேத்தே இறக்கிவிடுகிறது. ஆக, தொழிற்புரட்சியின் வேகத்துக்கு உச்சவரம்பு வைத்தது நிலக்கரியோ நீராவியோ இல்லை. விரல் பருமன் எஃகுத் துண்டு ஒன்று எவ்வளவு சூடு தாங்கும் என்பதே அந்த வரம்பு.

டீன் வனத்தின் ரகசியம்

அந்தப் பூட்டை முதலில் அசைத்தவர் ராபர்ட் ஃபாரஸ்டர் மஷெட். 1811இல் இங்கிலாந்தின் மேற்கே டீன் வனத்தை ஒட்டிய கோல்ஃபோர்டு ஊரில் பிறந்தவர். தந்தை டேவிட் மஷெட் புகழ்பெற்ற உலோகவியலாளர். மகனும் அப்பாவின் வழியிலேயே உலைகளுக்கு நடுவே வளர்ந்தார். பல்கலைக்கழகப் பட்டம் கிடையாது. மூசைகளை வரிசையாக அடுக்கி, ஒவ்வொன்றிலும் கலவையைச் சிறிது மாற்றி, விளைவை எழுதிவைப்பது அவர் முறை. ஆயிரக்கணக்கில் அப்படிச் செய்து பார்த்தவர்.

இந்தத் தொடரின் முந்தைய பகுதி ஒன்றிலேயே அவரைச் சந்தித்திருக்கிறோம். 1856இல் எஃகு தயாரிப்பாளர் பெஸ்ஸமரின் எஃகு வெடித்து நொறுங்கியபோது, மாங்கனீசு மிகுந்த ஸ்பீகல் இரும்பைச் சேர்த்து அதைக் காப்பாற்றியவர் அவரே. காப்புரிமைக்குக் கட்ட வேண்டிய முத்திரைக் கட்டணம் உரிய நேரத்தில் கட்டப்படாததால் அந்த உரிமை காலாவதியானது. 1866இல் குடும்பம் வறுமையில் இருந்தபோது, 16 வயது மகள் மேரி தனியாக லண்டன் சென்று பெஸ்ஸமரைச் சந்தித்து, தந்தையின் உழைப்பில்தான் அவர் செல்வம் நிற்கிறது என்று நேருக்கு நேராகச் சொன்னாள். பெஸ்ஸமர் ஆண்டுக்கு 300 பவுண்டு கொடுக்க ஒப்புக்கொண்டார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1868இல், மஷெட்டின் சோதனைகளில் ஒரு விசித்திரம் தென்பட்டது. டங்ஸ்டன் கலந்த ஓர் எஃகுத் துண்டு, நீரில் தோய்க்காமலேயே, காற்றில் ஆறியபடியே கடினமாகிவிட்டது. தோய்த்தல்தான் எஃகின் உயிர் என்று தலைமுறைகளாக நம்பியிருந்த தொழிலில் இது நம்ப முடியாத செய்தி.

இன்றைக்கு அதன் காரணம் தெரியும். டங்ஸ்டனும் மாங்கனீசும் இரும்புக்குள் கரிமத்தின் நடமாட்டத்தை மந்தப்படுத்துகின்றன. அது வெளியேறுவதற்குள் காற்றே துண்டைக் குளிர்வித்துவிடுகிறது. மஷெட்டின் எஃகில் சுமார் 2 சதவீதம் கரிமம், 7 முதல் 9 சதவீதம் வரை டங்ஸ்டன், அதோடு 2 சதவீதத்தை ஒட்டி மாங்கனீசு இருந்தன. நீரில் தோய்க்கும்போது கருவி விரிசல் விடுவதும் கோணிப்போவதும் கொல்லரின் தீராத தலைவலி. அதிலிருந்து விடுதலை கிடைத்தது. அதைவிட முக்கியமாக, சாதாரணக் கருவி மழுங்கும் சூட்டிலும் இந்த முனை தாக்குப்பிடித்தது.

காப்புரிமையால் ஒருமுறை ஏமாந்தவராகவே மஷெட் இப்போது நடந்துகொண்டார். இந்தமுறை உரிமம் கேட்கவில்லை, ரகசியத்தை நம்பினார். மூலப்பொருள்கள் குறிப்பெயரில் வரவழைக்கப்பட்டன. நம்பிக்கையான சிலர் மட்டும் டீன் வனத்தில் கதவடைத்துக் கலவையைத் தயாரித்தார்கள். 1870களின் தொடக்கத்தில் ஷெஃபீல்டின் சாமுவேல் ஆஸ்போர்ன் நிறுவனம் அதை உற்பத்தி செய்யத் தொடங்கிய பிறகும், கலவை சுற்றுவழிகளில் அனுப்பப்பட்டது. ‘ஆர். மஷெட்டின் சிறப்பு எஃகு’ என்ற முத்திரையோடு அது அட்லாண்டிக்கைக் கடந்து அமெரிக்கப் பட்டறைகள் வரை போனது. 1876இல் இங்கிலாந்தின் இரும்பு எஃகுக் கழகம் அவருக்குப் பெஸ்ஸமர் தங்கப் பதக்கம் அளித்தது. 1891இல் மஷெட் இறந்தார். தன் எஃகுக்குள் இன்னும் எவ்வளவு ஆற்றல் உறங்குகிறது என்பது அவருக்கே தெரியாமல் போயிற்று.

கொல்லரின் விதியை மீறிய சோதனை

அந்த ஆற்றலை எழுப்பியவர் பிரடெரிக் வின்ஸ்லோ டெய்லர். நேர அளவு, தொழில் மேலாண்மை என்றால் நினைவுக்கு வரும் அதே டெய்லர். 1880இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் மிட்வேல் எஃகு ஆலையில் அவர் மேற்பார்வையாளராக இருந்தார். ஒரு கருவியை எந்த வேகத்தில், எவ்வளவு ஆழத்தில் வெட்டவிட வேண்டும் என்பதற்குத் தொழிலாளியின் அனுபவம் தவிர வேறு கணக்கு இல்லை. அந்தக் கணக்கைக் கண்டுபிடிக்க ஆறு மாதம் போதும் என்று ஆலை முதலாளி வில்லியம் செல்லர்ஸிடம் அனுமதி பெற்றார். சோதனைகள் 26 ஆண்டுகள் நடந்தன. பதிவான சோதனைகள் 30,000 முதல் 50,000 வரை. அவற்றில் 8 லட்சம் பவுண்டுக்கு மேல் இரும்பும் எஃகும் சீவலாகிக் கழிந்தன. நம் கணக்கில் ஏறத்தாழ 360 டன்.

முதல் ஆண்டுகளிலேயே ஓர் எளிய உண்மை கிடைத்தது. வெட்டும் இடத்தில் நீரை நல்ல தாரையாக ஊற்றினால் வேகத்தை 30, 40 சதவீதம் கூட்டலாம். வெப்பமே எதிரி என்பதற்கு அது நேரடிச் சான்று.

1898இல் டெய்லர் பெத்லஹேம் எஃகு ஆலைக்கு வந்தார். அங்கே உலோகவியலாளர் மான்செல் வொயிட் அவரோடு சேர்ந்தார். பட்டறை முழுவதற்கும் ஒரே வகைக் கருவி எஃகைத் தேர்ந்தெடுக்க விரும்பி, டெய்லர் மேற்பார்வையாளர்களைக் கூட்டி ஒரு செயல்விளக்கம் நடத்தினார். சிறந்தது என்று அவர் தேர்ந்தெடுத்த கருவிகள் எல்லோர் கண்முன்னும் மற்றவற்றைவிட மோசமாக வெட்டின. கொல்லர் அவற்றை அளவுக்கு மீறிக் காய்ச்சிவிட்டாரோ என்ற ஐயம் எழுந்தது. தவறு எங்கே என்று அறிய, ஒரே எஃகிலிருந்து பல கருவிகள் செய்து, ஒவ்வொன்றையும் சற்றுக் கூடுதல் சூட்டில் காய்ச்சி, லேத்தில் போட்டுப் பார்த்தார்கள்.

சுமார் 845 டிகிரி வரை எதிர்பார்த்தபடியே நடந்தது. அதற்கு மேல் போனதும் கருவி கெட்டது. ‘செர்ரிச் சிவப்பைத் தாண்டாதே’ என்ற கொல்லரின் பழைய விதி சரி என்றே தோன்றியது. வேறு யாராக இருந்தாலும் அங்கே நிறுத்தியிருப்பார்கள். இவர்கள் நிறுத்தவில்லை. 940 டிகிரியைத் தாண்டியபோது கருவி மீண்டும் நன்றாக வெட்டத் தொடங்கியது. இன்னும் ஏற்றினார்கள், இன்னும் நன்றாக வெட்டியது. முனை உருகும் நிலையை நெருங்கும்வரை காய்ச்சியபோதுதான் அது உச்சத்தைத் தொட்டது. கரிம எஃகுக்கு உண்மையாக இருந்த விதியை மஷெட் எஃகின் வழிவந்த, டங்ஸ்டனும் குரோமியமும் கலந்த எஃகுக்கும் பொருத்தி, முப்பது ஆண்டுகளாக உலகம் அதைக் கட்டிப்போட்டு வைத்திருந்தது.

எஃகுக்குள் நடந்தது இதுதான். டங்ஸ்டனும் குரோமியமும் கரிமத்தோடு சேர்ந்து மிகக் கடினமான கார்பைடு மணிகளாக உறைந்திருக்கும். சாதாரணச் சூட்டில் அவை கரைவதில்லை. 1200 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் அவற்றில் ஒரு பங்கு இரும்பில் கரைகிறது. பிறகு 550 டிகிரி அளவில் மீண்டும் சூடேற்றினால், கரைந்தவை கண்ணுக்குப் புலப்படாத நுண்துகள்களாகப் பிறந்து எஃகு முழுவதும் பரவுகின்றன. இந்தச் சூட்டில் கரிம எஃகு மென்மையாகும். இந்த எஃகோ கூடுதல் கடினம் பெறுகிறது. கரையாமல் எஞ்சிய பெரிய மணிகள் கான்கிரீட்டில் ஜல்லி போல நின்று தேய்மானத்தைத் தடுக்கின்றன. இதனால் முனை மங்கலாகச் சிவந்த பிறகும் வெட்டிக்கொண்டே இருக்கும்.

பாரிஸில் ஒரு லேத்

1900ஆம் ஆண்டு பாரிஸ் உலகக் கண்காட்சியில் பெத்லஹேம் நிறுவனம் ஒரு லேத்தை ஓடவிட்டுக் காட்டியது. கருவியின் முனை சிவந்து ஒளிர்ந்தது. நீலம் பூத்த சீவல் சுருள் சுருளாக உதிர்ந்தது. ஐரோப்பியப் பொறியாளர்கள் கூட்டமாக நின்று பார்த்தார்கள். தங்கள் ஆலைகளில் இருந்த இயந்திரங்கள் ஒரே நாளில் பழையதாகிவிட்டன என்பதை அவர்கள் அங்கேயே உணர்ந்திருக்க வேண்டும்.

டெய்லர் 1906இல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் கழகத்தில் வாசித்த நீண்ட உரையில் கணக்கைத் தெளிவாக வைத்தார். ஒரே வகை வேலைக்குக் கரிம எஃகு நிமிடத்துக்கு 16 அடி. மஷெட் எஃகு 26 அடி. 1900இன் புதிய முறை 60 அடி அளவு. ‘அதிவேக எஃகு’ என்று பெயர்பெற்ற இந்த எஃகில் 1906இன் சிறந்த வகை 99 அடி. ஒரு தலைமுறைக்குள் வேகம் ஆறு மடங்கு.

இந்த வேகத்தைப் பழைய லேத்துகள் தாங்கவில்லை. பட்டைகள் நழுவின, பற்சக்கரங்கள் உடைந்தன, படுகைகள் அதிர்ந்தன. கருவிக்கு ஈடுகொடுக்க இயந்திரத்தையே கனமாக, அதிக குதிரைத்திறனோடு புதிதாக வடிவமைக்க வேண்டியதாயிற்று. மோட்டார் கார் பெருந்தொழிலாக வளர்ந்த அதே ஆண்டுகளில் இந்தப் புதிய லேத்துகளும் வந்துசேர்ந்தது அந்தத் தொழிலின் நல்வாய்ப்பு.

காப்புரிமைக் கதை இங்கும் கசப்பாகவே முடிந்தது. 1901இல் கிடைத்த டெய்லர்–வொயிட் உரிமம், 1909இல் நியூஜெர்சி நீதிமன்றத்தில் செல்லாது என்று தீர்ப்பானது. உலகம் அதற்குள் அந்த முறையைத் தனதாக்கிக்கொண்டுவிட்டது.

இன்னொரு கசப்பையும் சொல்லாமல் விட முடியாது. எஃகு கொடுத்த வேகத்தை நிறுத்துக்கடிகாரத்தால் மனித உடலிடமும் கேட்டார் டெய்லர். 1911இல் வாட்டர்டவுன் ராணுவத் தளவாட ஆலையில் வார்ப்புத் தொழிலாளர்கள் கடிகாரத்தை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அடுத்த ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றக் குழு அவரை அழைத்து விசாரித்தது. எஃகைச் சூடேற்றினால் வலுப்பெறும் வழியைக் கண்டுபிடித்தவர், மனிதருக்கும் அப்படி ஒரு வழி இருப்பதாக நம்பியது பெரும் பிழை. கண்டுபிடிப்பின் பெருமையை நாம் மதிக்கும் அளவுக்கு அந்தத் தொழிலாளர்களின் எதிர்ப்பையும் மதிக்க வேண்டும்.

போர் மாற்றிய கலவை

அடுத்த பத்தாண்டுகளில் கலவை நிலைபெற்றது. வனேடியம் சேர்ந்தது. 18 சதவீதம் டங்ஸ்டன், 4 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் வனேடியம் என்ற 18-4-1 கலவை, டி-1 என்ற பெயரில் பல ஆண்டுகள் அரசாண்டது. ஆனால் டங்ஸ்டனுக்கு உலகம் பெருமளவு சீனாவை நம்பியிருந்தது. போர் மேகம் சூழ்ந்தபோது அமெரிக்கா மாற்று தேடியது. கொலராடோவின் கிளைமாக்ஸ் சுரங்கத்தில் மாலிப்டினம் ஏராளம். அதன் அணு எடை டங்ஸ்டனில் ஏறத்தாழ பாதி. எனவே ஒரு பங்கு மாலிப்டினம் சுமார் இரண்டு பங்கு டங்ஸ்டனின் வேலையைச் செய்யும். 6 சதவீதம் டங்ஸ்டன், 5 சதவீதம் மாலிப்டினம் கொண்ட எம்-2 இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பரவியது. போர் முடிந்த பிறகும் அது இடத்தை விடவில்லை. நம் ஊர் இரும்புக்கடையில் வாங்கும் துளைப்பான் தண்டில் எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) என்று பொறித்திருந்தால், அது இந்தக் குடும்பத்து உறுப்பினர்.

அச்சுக்கு ஏற்ற எஃகு

வெட்டும் கருவிக்காகக் கற்ற பாடம், அழுத்தும் கருவிக்கும் வார்க்கும் அச்சுக்கும் போனது. ஒவ்வொரு வேலையிலும் எஃகின் எதிரி வேறு. எதிரியைத் தெரிந்துகொண்டால் கலவையும் தானாகப் புரியும்.

தகட்டை வெட்டி வடிவெடுக்கும் பஞ்ச், டை வேலைகளில் எதிரி தேய்மானம். அங்கே டி-2, நம் டூல்ரூம்களில் எச்.சி.எச்.சி.ஆர். என்றால் எல்லோருக்கும் தெரியும். 1.5 சதவீதம் கரிமம், 12 சதவீதம் குரோமியம். மஷெட்டின் எஃகைப் போலவே காற்றில் ஆறிக் கடினமாகும்; ராக்வெல் கடின அளவில் 58 முதல் 62 வரை. அளவு அதிகம் மாறாது என்பதால் நுட்பமான டைகளுக்கு ஏற்றது. விலை குறைந்த வேலைகளுக்கு எண்ணெயில் தோய்க்கும் ஓ.எச்.என்.எஸ். போதும்.

அலுமினியத்தை அழுத்தி வார்க்கும் அச்சில் எதிரி வெப்பம், அதுவும் விட்டுவிட்டு வரும் வெப்பம். 650 டிகிரிக்கு மேல் உருகிய உலோகம் பாய்கிறது; அடுத்த நொடிகளில் அச்சின் முகத்தைக் குளிர்விக்கிறார்கள்; மறுபடி உலோகம். ஆயிரக்கணக்கான முறை இப்படி விரிந்து சுருங்கினால் முகத்தில் வலைப்பின்னலாக நுண்விரிசல் ஓடும். இங்கே வெறும் கடினம் ஆபத்து. விரிசல் ஓடாத உறுதி வேண்டும். எனவே எச்-13இல் கரிமம் 0.4 சதவீதம் மட்டுமே. 5 சதவீதம் குரோமியமும் சிறிது மாலிப்டினமும் வனேடியமும் சூட்டைத் தாங்க உதவுகின்றன. கடினத்தை 44 முதல் 50 வரையே வைக்கிறார்கள்.

பிளாஸ்டிக் வாளி, நாற்காலி, கார் பம்பர் வார்க்கும் பெரிய அச்சுகளில் கவலை வேறு. பல நூறு கிலோ எடையுள்ள அச்சைக் கடைந்து முடித்த பிறகு கடினமாக்கினால் அது கோணிப்போகலாம். அதற்காகவே பி-20 எஃகை முன்கூட்டியே 30 ராக்வெல் அளவில் பதப்படுத்தி விற்கிறார்கள். வாங்கி நேரடியாகக் கடைந்து மெருகேற்றினால் அச்சு தயார். பி.வி.சி. வார்ப்பில் சூடு அதிகமானால் ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி கிளம்பும். அங்கே குரோமியம் மிகுந்த துருப்பிடிக்காத அச்செஃகு தேவை. பிளாஸ்டிக் வில்லைகளுக்கான அச்சில் ஒரு சிறு மாசுத்துகள் இருந்தாலும் அது ஒவ்வொரு வில்லையிலும் புள்ளியாகப் பதியும். ஆகவே அந்த எஃகை மறுபடி உருக்கித் தூய்மை செய்கிறார்கள்.

ஓர் எஃகைப் பற்றி ‘இது நல்லதா’ என்று கேட்பவருக்கு அனுபவமுள்ள டூல்ரூம்காரர் ‘எந்த வேலைக்கு?’ என்று திருப்பிக் கேட்பார். கடினத்தைக் கூட்டினால் நொறுங்கும் அபாயம் கூடும்; உறுதியைக் கூட்டினால் தேய்மானம் கூடும். இரண்டையும் முழுதாகத் தரும் எஃகு எதுவும் இன்றுவரை இல்லை. 150 ஆண்டுகளாக நடந்ததெல்லாம் அந்தப் பேரத்தில் சிறிது சிறிதாகக் கூடுதல் ஆதாயம் பெறும் முயற்சியே. ஹீத்தின் மாங்கனீசு, மஷெட்டின் டங்ஸ்டன், டெய்லரும் வொயிட்டும் ஏற்றிய வெப்பம், போர் கொண்டுவந்த மாலிப்டினம் ஆகிய நான்கும் அந்தப் பேரத்தில் நாம் பெற்ற பெரிய ஆதாயங்கள். நாம் தினமும் தொடும் பொருள்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு கருவி எஃகின் முனையிலோ அச்சின் குழியிலோ பிறந்தவை. தொழிற்புரட்சியை எழுதும் வரலாறுகள் நீராவிக்குக் கொடுத்த பக்கங்களில் பாதியையாவது இந்தச் சிறிய எஃகுத் துண்டுக்குக் கொடுத்திருக்க வேண்டும்.

இதே டங்ஸ்டன் இரும்பை விட்டே பிரிந்துபோய், கார்பைடாகத் தனித்து நின்று அதிவேக எஃகையும் மிஞ்சியது எப்படி? அந்தக் கதை எஃகு ஆலையில் தொடங்கவில்லை. 1920களின் ஜெர்மனியில், மின்விளக்குக்கு மெல்லிய கம்பி இழுத்த ஒரு தொழிற்சாலையில் தொடங்கியது. அடுத்த இதழில் அங்கே போவோம்.

(தொடரும்)